சட்டைப்பையில் மூன்று ஃபியூஸ்

வழியனுப்புவதில் நான் கெட்டிக்காரன். பாலிடெக்னிக்கில் என்னோடு எலக்ட்ரிகல் படித்த நான்கு பேரையும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டவன் நான்தான். பெட்டிக்குக் கயிறு கட்டுவது, அழுகிற அம்மாமாரைச் சமாதானப்படுத்துவது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனவன் திரும்பிப் பார்க்கிறானா என்று எட்டிப் பார்த்துச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. போகும்போது ஜீப்பின் பின்பக்கம் மடங்கி உட்கார்ந்து போவேன். வரும்போது போனவனுடைய இடம் காலியாகிவிடும், எனக்கு முன்சீட்டு கிடைக்கும். இப்படி நாலு தடவை முன்சீட்டில் சொகுசாக உட்கார்ந்து பாறசாலைக்குத் திரும்பி வந்த பிறகுதான், இனி ஊரில் நான் பேசுவதற்கு ஆள் இல்லை என்பது எனக்கு உறைத்தது. என் மூளை எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் பற்றும், பழைய டியூப் லைட் மாதிரி.

எனக்கும் ஒரு விசா வந்ததுதான். அப்பா இறந்து ரொம்ப நாள் ஆகவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல், பெரிய தியாகம் செய்தவனின் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஊருக்குள் நடந்தேன். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் அம்மா, அக்காவின் பிரசவத்துக்கு உதவியாகப் பம்பாய்க்கு ரயில் ஏறினாள். அவளையும் நான்தான் வழியனுப்பினேன். பிள்ளைக்குத் தலை நின்றதும் வருகிறேன் என்று போனாள். தலை நின்றது. பிறகு பிள்ளை நடக்கட்டும் என்றாள். பிள்ளை நடந்தபோது அக்காவுக்கு இரண்டாவது உண்டாகியிருந்தது. அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று ஊரில் நின்றவனை அம்மா தனியாக விட்டுவிட்டுப் போனாள் என்று சொன்னால் அம்மாவைக் குறை சொல்வது போலிருக்கும். குறையில்லை. கணக்கு அப்படி விழுந்துவிட்டது.

அப்போது நான் ஒரு காண்ட்ராக்டரின் கீழ் வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தேன். குளத்தூர், தனுவச்சபுரம் என்று சைக்கிள் மிதித்துப் போகிற தூரத்தில் எங்கே வீடு எழும்பினாலும், சுவரைக் கொத்திப் பைப் பதித்து, வயர் இழுத்து, ஸ்விட்ச் போர்டு மாட்டி, பல்பு எரியும்வரை எல்லாம் நான். கடைசி நாள் காண்ட்ராக்டர் இஸ்திரி மடிப்புக் கலையாத வேட்டியில் வருவார். ஒரு ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பார், அணைத்துப் பார்ப்பார். பிறகு, வேலை முறைப்படி முடிந்தது என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் வீட்டுக்குக் கரண்ட் கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பார். எனக்குச் சிமெண்டுக் கையைக் கழுவத் தண்ணீர் கொடுப்பார்.

கையெழுத்துக்கு சூப்பர்வைசர் லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸுக்குப் பரீட்சை எழுத வேண்டும். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் திருவனந்தபுரத்தில் செய்முறையும் நேர்க்கேள்வியும். அது மட்டும் கிடைத்துவிட்டால் நான் யார் வேட்டிக்கும் காத்திருக்க வேண்டாம். வேலையும் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது, இளநீரும் என்னுடையது.

முதல் தடவை எழுத்திலேயே போனேன். காரணம், என்னுடைய நேர்மை. தலைக்கு மேலே போகிற மின்கம்பிக்கும் வீட்டுக் கூரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். விதிப் புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். நானோ ஊரில் கண்ணால் கண்டதை எழுதிவிட்டேன். தென்னை ஓலை எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பதற்கும் அப்படியே. நான் எழுதியபடி பார்த்தால் எங்கள் பஞ்சாயத்தில் எந்த ஓலையும் எந்தக் கம்பியோடும் உரசலாம். விடைத்தாளைத் திருத்தியவர் பயந்துபோயிருப்பார்.

இரண்டாம் தடவைக்கு ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். ஆனால் அது கேரளத்தில் சாயங்காலம் அரைமணி நேரம் லோட் ஷெடிங் இருந்த காலம். வேலை முடிந்து, குளித்து, புத்தகத்தைத் திறந்தால் கரண்ட் போகும். எங்கள் வீட்டிலிருந்து எல்லை நடந்துபோகிற தூரம். இந்தப் பக்கம் முழுக்க இருட்டாகக் கிடக்கும்போது, களியக்காவிளைப் பக்கம் தமிழ்நாடு வெளிச்சமாக உட்கார்ந்திருக்கும். எல்லையைத் தாண்டியதும் ஒரு சாயாக்கடை, அதில் ஒரு டியூப் லைட். புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். வெளிநாடு போகாத குறையை வெளிமாநிலம் போய்த் தீர்த்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

கடைக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. ஒருநாள் சாயாவை ஆற்றிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எலே, கரண்டு பரீட்சைக்குப் படிக்க கரண்டு இல்லாம ராஜ்யம் விட்டு ராஜ்யம் ஓடி வாற ஒரே ஆளு நீயாக்கும்."

"அங்க கரண்டு போறதுக்கு நானா அண்ணாச்சி காரணம்?"

"இப்பம் இல்ல. லைசன்ஸ் கிட்டட்டும், பெறகு நீயும் காரணம்தான்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் படிப்பதற்காக மட்டும்தான் போனேனா என்று இப்போது யோசித்தால் சந்தேகமாக இருக்கிறது. கேலி செய்வதற்காவது நாலு பேர் இருந்த இடம் அது. கரண்ட் வந்த பிறகும் இரண்டாவது சாயா சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

எழுத்தில் தேறிவிட்டேன். செய்முறைக்கு அழைப்பு வந்தது.

அதில் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் பக்கத்தில் வயரிங் வேலை செய்பவர்களுக்கு இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்த லோட் ஷெடிங் சொன்ன நேரத்துக்குப் போகும், சொன்ன நேரத்துக்கு வரும். ஊரில் அன்றைக்கு அவ்வளவு ஒழுங்காக நடந்த காரியம் வேறு ஒன்றும் கிடையாது. அதனால் எரிந்துபோன ஹோல்டர், ஒட்டிக்கொண்ட ஸ்விட்ச் மாதிரியான சில்லறை வேலைகளை எல்லாம் அந்த அரைமணிக்கு ஒதுக்கி வைத்திருப்போம். மெயினை அணைக்க வேண்டாம். ஃபியூஸைப் பிடுங்க வேண்டாம். அரசாங்கமே அணைத்துக் கொடுத்திருக்கிறது. வீட்டுக்காரர் மெழுகுவர்த்தி பிடிப்பார், நாங்கள் வெறும் கையால் கம்பியை முறுக்குவோம். கடைசித் திருகாணியை முடுக்கி, கையைத் தட்டிவிட்டு, "ம்" என்று சொல்லும்போது பல்பு எரியும். வீட்டுக்காரர் மந்திரவாதியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் பலமுறை அப்படிச் செய்திருக்கிறேன்.

செய்முறைத் தேர்வு நடந்த கூடம் பெரியது. சுவர் நெடுக மரப்பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார் ஸ்டார்ட்டர். எங்கே பழுது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். நான் பலகைக்கு முன்னால் போய் நின்றதுமே கரண்ட் போய்விட்டது. லோட் ஷெடிங் இல்லை, காலை நேரம், சும்மா போனதுதான். மற்றவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இது என்னுடைய நேரமாயிற்றே. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன், மூடியைத் திறந்தேன், கையை உள்ளே கொண்டுபோனேன்.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். தேர்வாளர். மெலிந்த மனிதர், ஆனால் பிடி இரும்பு. மெயினை அணைத்தாயா என்று மலையாளத்தில் கேட்டார்.

"கரண்டு போயிருக்குல்லா சார்," என்றேன், அவருக்குத் தெரியாத செய்தியைச் சொல்கிறவன் மாதிரி. "வாறதுக்குள்ள முடிச்சிரலாம்."

அவர் கையை விடவில்லை. நாங்கள் இருவரும் கல்யாணப் பந்தலில் கைபிடித்து நிற்பவர்களைப் போலக் கொஞ்ச நேரம் நின்றோம். தலைக்கு மேலே மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. ஸ்டார்ட்டரைப் பார்த்தேன். என் விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன்.

"வீட்டில் ஆரொக்கெ உண்டு?" என்று கேட்டார்.

"ஆரும் இல்ல சார். நான் மட்டும்தான்."

"பின்னே அவிடெ ஆரு வந்நு பிடிக்கும்?"

அங்கே உன் கையை யார் வந்து பிடிப்பார்கள். அவ்வளவுதான் கேட்டார், என் தாளில் தோல்வி என்று எழுதி அனுப்பிவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பஸ்ஸில் வரும்போது அவரைத் திருப்பித் திட்டிக்கொண்டே வந்திருப்பேன். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நெய்யாற்றின்கரை வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் பூத்திலிருந்து பம்பாய்க்குப் பேசினேன். தோற்றதைச் சொன்னேன். கை பிடித்த கதையைச் சொல்லவில்லை. அம்மா ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். அத்தான் வேலை பார்க்கிற கம்பெனியில் மின்விசிறிக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற பிரிவில் எனக்கு ஓர் இடம் கேட்டிருக்கிறாராம். இன்னும் ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றாள்.

"இந்தத் தடவையும் போச்சுண்ணா, வீட்டைப் பூட்டிட்டு இங்கோட்டு வந்திரு மக்கா. அங்க தனியாக் கெடந்து ஒனக்கு என்ன?"

பூத்தைவிட்டு வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். தோற்றால் அம்மா கையால் சோறு, அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், ராத்திரி விளக்கணைக்கும்வரை பேச்சு. ஜெயித்தால் இந்த வீடு, இந்த இருட்டு, என் கையெழுத்து. பரிசு எந்தப் பக்கம், தண்டனை எந்தப் பக்கம் என்று யாராவது வந்து பெயர்ப்பலகை வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனாலும் நான் ஜெயிக்கத்தான் நினைத்தேன். ஏன் என்று கேட்டால் பெரிய பதில் எதுவும் இல்லை. நான் இழுத்த வயருக்கு வேறொருத்தர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துபோயிருந்தது.

மறுநாளே ஒரு பழைய த்ரீ ஃபேஸ் மெயின் ஸ்விட்சை வாங்கிவந்து நடு அறைச் சுவரில் அடித்தேன். அதில் மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். அதற்கு எந்தக் கம்பியும் வருவதும் இல்லை, போவதும் இல்லை. கேரளத்திலேயே மிகப் பாதுகாப்பான மெயின் ஸ்விட்ச் அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு சாயங்காலமும் கரண்ட் போனதும், சாயாக்கடைக்குப் போகாமல், இருட்டில் அதன் முன்னால் போய் நிற்பேன். மெயினை அணைக்க வேண்டும். மூன்று ஃபியூஸையும் பிடுங்க வேண்டும். வேறு யாரும் எடுத்துத் திரும்பச் செருகிவிடாதபடி அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கம்பியில் கரண்ட் இல்லைதானா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கை உள்ளே போகலாம். கைக்குத் தானாக வருகிறவரை இதையே செய்வது என்று முடிவு செய்தேன்.

சும்மா செய்தால் மனம் ஒட்டவில்லை. அதனால் தேர்வாளரையும் வரவழைத்தேன். அதாவது, அவர் குரலில் நானே மலையாளத்தில் கேட்பேன், என் குரலில் நானே தமிழில் பதில் சொல்வேன். மெயின் ஓஃப் ஆக்கியோ? ஆக்கியாச்சு சார். ஃபியூஸ் எவிடெ? பையில உண்டு சார். முதலில் கூச்சமாக இருந்தது. போகப் போக அவருடைய குரல் எனக்கு நன்றாக வந்துவிட்டது. சில நாட்கள் அவர் விதிப் புத்தகத்திலிருந்து கேட்பார். சில நாட்கள் சாப்பிட்டாயா என்றும் கேட்பார். அரைமணி முடிந்து கரண்ட் வந்ததும் சார் போய்விடுவார். நான் ஃபியூஸைப் பையில் வைத்தபடியே போய்க் கஞ்சிக்கு அரிசி களைவேன்.

பக்கத்து வீடு, சுவருக்குச் சுவர். பழைய மிஷன் சபைக் குடும்பம். லோட் ஷெடிங் வந்த பிறகு அந்த வீட்டில் சாயங்கால ஜெபம் ஒருநாளும் தவறியதில்லை, டிவி ஓடாதே. ஜெபம் முடிந்த அமைதியில் என் வீட்டுச் சத்தம் அங்கே கேட்டிருக்கிறது. ஒருநாள் காலையில் அந்த வீட்டு மாமி வேலியோரம் நின்று கேட்டாள்.

"மோனே, ஒனக்க வீட்டில ஆரு வந்து நிக்குது? அந்திக்கு ரெண்டு ஆளு பேச்சு கேக்குதே. ஒருத்தரு மலையாளத்திலயாக்கும் பேசுதாரு."

உண்மையைச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். வாய் வேறு சொல்லிவிட்டது. என்னோடு பரீட்சை எழுதுகிற ஒருவர், தனுவச்சபுரம் பக்கம், சேர்ந்து படிக்க வருகிறார், ரொம்பக் கூச்ச சுபாவம், இருட்டின பிறகுதான் வருவார் என்றேன். மாமிக்கு முகமெல்லாம் சந்தோஷம். தனியாகக் கிடந்த பையனுக்கு ஒரு துணை ஆயிற்று என்று. அன்றைக்கு சாயங்காலமே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தது, இரண்டு பேருக்கு.

இரண்டு பங்கையும் நானே தின்றேன். வேறு என்ன செய்ய முடியும்? அடுத்த வாரமும் வந்தது. மாமி அவரைப் பற்றி விசாரிப்பாள், நான் அவருக்கு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் வயதான அப்பா. மீன் தலை பிடிக்காது. (எனக்குப் பிடிக்காது.) காரம் கொஞ்சம் குறைவாக இருந்தால் நல்லது. அந்த மாதங்களில் நான் ஒரு சுற்றுத் தடித்துப்போனேன். இல்லாத ஒருத்தருக்குப் பசி அவ்வளவு இருந்தது.

ஒரு சாயங்காலம் கதவைத் தாழிட மறந்திருக்கிறேன். இருட்டில் மெயின் ஸ்விட்ச் முன்னால் நின்று, ஈரமான கையோடு ஃபியூஸைத் தொடலாமா என்று சார் கேட்டார். கூடாது சார் என்று நான் சொன்னேன். பின்னால் டார்ச் வெளிச்சம் விழுந்தது. வாசலில் மாமி, கையில் மூடிய தட்டு. அறையைச் சுற்றி டார்ச்சை ஓட்டினாள். கட்டில், கொடியில் என் சட்டைகள், சுவரில் கம்பியில்லாத மெயின் ஸ்விட்ச், அதன் முன்னால் நான்.

"அவரு எங்க மோனே?"

"சாரு இப்பம்தான் போனாரு மாமி," என்றேன். அந்த நேரத்திலும் நாக்கு அடங்கவில்லை.

மாமி சிரிக்கவில்லை. தட்டை மேசைமேல் வைத்தாள். திரும்பிப் போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நான் இண்ணைக்கு ஒரு ஆளுக்குத்தான் கொண்டு வந்தேன்."

அப்படியென்றால் அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எத்தனை தட்டுகளை அவள் தெரிந்துகொண்டே இரண்டு பேருக்கு நிறைத்தாள் என்று நினைத்தபோது, இருட்டாக இருந்தது நல்லதாயிற்று.

மூன்றாம் தடவை, எழுத்தில் மறுபடி தேறிச் செய்முறைக்குப் போனேன். அதே கூடம், அதே தேர்வாளர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கோ அவரைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. தினமும் பேசுகிறவர் அல்லவா. என்னுடைய பலகைக்கு அந்தக் கூடத்தின் பெரிய மெயினிலிருந்துதான் லைன் வந்தது. அதே லைனில்தான் மற்றப் பலகைகளும். எனக்கு முன்னால் வந்தவர்கள் முடித்துவிட்டார்கள், அடுத்தவர்கள் வெளியே காத்திருந்தார்கள். போய் மெயினை அணைத்தேன். ஃபியூஸ் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். உதடு தானாக அசைந்திருக்கிறது.

"ஆரோடா சம்சாரிக்குந்நது?" என்றார். யாரோடு பேசுகிறாய் என்று.

"சாரோடதான் சார்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஒருமாதிரி பார்த்தார். பழுதைக் கண்டுபிடித்தேன், சரிசெய்தேன். அவர் கரண்ட் இல்லாமலே மீட்டரை வைத்துச் சோதித்தார், நாலைந்து கேள்விகள் கேட்டார், போகலாம் என்றார். போய்விட்டேன்.

பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தேன். பாலராமபுரத்தில் கைத்தறிப் புடவைக் கட்டோடு ஒருவர் ஏறினார். கூட்டம் நெருக்க, அந்தக் கட்டு என் மார்பில் அழுந்தியது. ஏதோ கடினமாகக் குத்தியது. தொட்டுப் பார்த்தேன். மூன்று பீங்கான் கட்டைகள்.

திருவனந்தபுரத்தில் பரீட்சை நடத்துகிற கூடத்தின் கரண்ட் முழுவதும் என் சட்டைப்பையில் இருந்தது.

எப்படி நடந்தது என்பது நின்ற நிலையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மாதக்கணக்கில் நான் பிடுங்கத்தான் பழகியிருந்தேன், திரும்பச் செருகிப் பழகவே இல்லை. வீட்டில் கரண்ட் வந்ததும் பாடம் முடிந்துவிடும், ஃபியூஸ் கஞ்சி வைக்கும்வரை பையிலேயே கிடக்கும். அந்தக் கனத்துக்கு நெஞ்சு பழகிப்போயிருந்தது. லோட் ஷெடிங்கை நம்பி இரண்டாம் தடவை தோற்றவன், லோட் ஷெடிங்கை வைத்தே படித்து மூன்றாம் தடவையும் தோற்கப் போகிறான். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எதிர்ப்பக்கம் ஓடினேன். திரும்பிப் போகிற பஸ் வருவதற்குள், காயில் சுற்றுகிற வேலைக்கு உட்கார்ந்துகொண்டா நின்றுகொண்டா என்பதுவரை யோசித்துவிட்டேன்.

கூடத்தில் விளக்கு இல்லை, விசிறி இல்லை. பியூன் எங்கோ ஃபியூஸ் தேடிப் போயிருந்தார். அடுத்த தொகுதிக்காரர்கள் பலகைகளுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். தேர்வாளர் ஒரு காகிதத்தை விசிறிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய், சட்டைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் ஃபியூஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இப்போதுதான் அடையாளம் தெரிந்தது என்று நினைக்கிறேன், பார்வை என் மணிக்கட்டுக்குப் போய்விட்டு வந்தது.

"எனிக்கு தரண்டா," என்றார். என்னிடம் தராதே. மெயினைக் காட்டினார். "எடுத்தது ஆராணோ, அவன் இடணம்."

எடுத்தவனே போட வேண்டும். மெயின் முன்னால் போய் நின்றேன். இந்தப் பகுதிக்கு எனக்குப் பாடம் இல்லை, புத்தகத்தில் படித்தது மட்டும்தான். திரும்பி, கூடத்தைப் பார்த்து, மலையாளத்தில் உரக்கக் கேட்டேன்: லைனில் யாராவது கை வைத்திருக்கிறீர்களா?

"இல்லா," என்றார்கள். ஒருவர் மட்டும் அல்ல. அங்கிருந்த அத்தனை பேரும். சிலர் சிரித்துக்கொண்டே, சிலர் எரிச்சலோடு, மூலையில் ஒருவர் கொஞ்சம் பிந்தி, "இல்லா சாரே" என்று. அத்தனை நாள் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நானேதான் பதில் சொல்லியிருந்தேன். இன்னொரு தடவை கேட்கலாமா என்றுகூட இருந்தது. கேட்கவில்லை. ஃபியூஸ் மூன்றையும் செருகி, கைப்பிடியைத் தூக்கினேன். விசிறிகள் எல்லாம் முனகின. தேர்வாளர் எதையோ எழுதினார். பிறகு, இனி நிஜமாகவே போகலாம் என்று கையசைத்தார்.

முடிவு வர மழைக்காலம் ஆயிற்று. தேறிவிட்டேன். தபால்காரரிடம் சொன்னேன், அவர் நனைந்த பையைத் துடைத்துக்கொண்டே, கொள்ளாம், நல்லது என்றார். மாமியிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, மற்ற ஆளுக்கும் கிடைத்ததா என்று சிரிக்காமல் கேட்டாள். அவருக்கும் கிடைத்தது என்றேன். சாயாக்கடைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்துக் கடை அடைத்திருந்தது. இனி மிச்சம் பம்பாய்தான். ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. வேலை நாளிலேயே பூத்துக்குப் போனேன்.

அம்மாதான் எடுத்தாள். வேலை நாளில் போன் வந்ததால் பயந்துபோய்க் கேட்டாள், என்ன, ஏது என்று.

"பாஸாயிட்டேன் அம்மா."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. ஒரு பிள்ளை அழுதது, இன்னொன்று அதை அதட்டியது. அம்மா யாரிடமோ அடுப்பை அணைக்கச் சொன்னாள்.

"நல்லதாக்கும் மக்கா," என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும், "நல்லதாக்கும். அப்பம் நீ இங்கோட்டு வரமாட்டே."

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. நான் இங்கே உள்ள வேலையைப் பற்றிச் சொன்னேன். குளத்தூரில் ஒரு வீடு முடியப்போகிறது, அதற்கு நான்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அந்த வீட்டுக்கு எத்தனை அறை என்று அவள் கேட்டாள், சொன்னேன். எத்தனை பல்பு என்று கேட்டாள், அதையும் சொன்னேன்.

"நீ வா அம்மா," என்றேன். "இனி எனக்கு ஒரு கொறையும் இல்ல. நீ வந்து நில்லு."

"வாறேன் மக்கா. வராம பின்னே? சின்னவளுக்கு இப்பம்தான் பல்லு மொளைக்குது. ராத்திரி எல்லாம் காய்ச்சல். அது ஒண்ணு கழியட்டும், வாறேன்."

ஒரு குழந்தைக்குப் பல் முழுவதும் முளைத்து முடிய எவ்வளவு காலம் ஆகும் என்பது என்னுடைய பாடத்திட்டத்தில் இல்லை. பால்பல் உண்டு, பிறகு அது விழுந்து வேறு முளைக்கும், ஞானப்பல் என்று ஒன்று எனக்கே அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"சரி அம்மா," என்றேன். "பல்லெல்லாம் நல்லபடியா மொளைக்கட்டும்."

"நீ கஞ்சி குடிச்சியா?"

இன்னும் இல்லை என்று சொன்னால் பேச்சு கொஞ்சம் நீளும் என்று தெரியும். அதனால் இன்னும் இல்லை என்றேன். ஏன் குடிக்கவில்லை, காலையில் என்ன சாப்பிட்டாய், அரிசி இருக்கிறதா, மழைக்கு விறகு நனைந்ததா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். நான் கண்ணாடிக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.